சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகாமல் நின்றால்: கட்டம் கட்டமாகக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வந்த செய்தியைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிட்டு, அதே செட்டப் ஃபைலை மறுபடி டபுள் கிளிக் செய்வோம். திரும்பவும் நின்றால் ஆன்டிவைரஸை அணைத்துப் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் கம்ப்யூட்டர் கடைக்குப் போகும். அங்கே "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பார்கள். ஃபார்மட் போட்டால் சரியாகத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து பிரிண்டர் டிரைவர், தமிழ் ஃபான்ட், அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் என்று எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு சாஃப்ட்வேர் ஏறவில்லை என்பதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இன்ஸ்டால் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன. செட்டப் ஃபைல் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். அதை ஓட்ட விண்டோஸ் சம்மதிக்க வேண்டும். ஓட ஆரம்பித்த செட்டப், தன்னிடம் சுருட்டி வைத்திருப்பதை டெம்ப் ஃபோல்டரில் (தற்காலிக ஃபைல்களுக்கான இடம்) பிரித்துப் போடும். தனக்கு வேண்டிய துணை நிரல்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். பழைய பதிப்பு இருந்தால் அதை நீக்கும். அப்புறம்தான் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும், விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் எழுதும். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துகொண்டால் தேட வேண்டிய காரணங்கள் சட்டென்று சுருங்கிவிடும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மெனு பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எதையும் தொடும் முன்

பிழைச் செய்தி திரையில் இருக்கும்போதே அதைப் பிடித்து வையுங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் படம் எடுக்கலாம். இன்னொரு வழி பலருக்குத் தெரியாது: சாதாரண செய்திப் பெட்டி திரையில் இருக்கும்போது கன்ட்ரோல், சி அழுத்தினால் அதில் உள்ள வாசகம் அப்படியே காப்பி ஆகிவிடும். நோட்பேடில் பேஸ்ட் செய்துகொள்ளலாம். செய்தியில் உள்ள எண்தான் முக்கியம். "இன்ஸ்டால் ஆகலை, ஏதோ எரர் வந்துச்சு" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. "1618 வருது" என்றால் அடுத்த நிமிடமே பதில் சொல்லிவிடலாம்.

அடுத்தது ரீஸ்டார்ட். சிரிக்காதீர்கள், இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுசாக மூடாமல் டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். பாதியில் நிற்கும் அப்டேட், பூட்டிக்கிடக்கும் ஃபைல் எல்லாம் அதோடு சேர்ந்தே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் உண்மையில் மூடித் திறக்கும். "நேத்து நைட்டே ஆஃப் பண்ணிட்டேனே" என்பது இங்கே செல்லாது.

மூன்றாவது, சி டிரைவில் இடம். நம்மூரில் டிரைவை சி, டி, இ என்று பிரித்து, சி-க்குக் கொஞ்சமாக ஒதுக்கிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. டி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது, அங்கேதானே போடுகிறேன் என்று நினைக்கலாம். ஆனால் செட்டப் தன்னைப் பிரித்துப் போடும் டெம்ப் ஃபோல்டர் சி டிரைவில் இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் எடுத்துவைக்கும் நகலும் சி டிரைவில்தான் விழும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸைச் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இறக்கி வைத்த செட்டப் ஃபைலும் சேர்ந்து போய்விடும்.

டபுள் கிளிக் செய்ததுமே நின்றால்

ஜிப் ஃபைலுக்குள் இருந்தபடியே செட்டப்பை ஓட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் காரணம். ஜிப்பைத் திறந்தால் விண்டோஸ் அதைச் சாதாரண ஃபோல்டர் போலவே காட்டுகிறது. உள்ளே செட்டப் தெரிகிறது, தட்டிவிடுகிறோம். விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் டெம்ப் ஃபோல்டருக்கு எடுத்து ஓட்டும். பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபைல்கள் ஜிப்புக்குள்ளேயே கிடக்கும். செட்டப் அவற்றைத் தேடிக் கிடைக்காமல், சம்பந்தமே இல்லாத ஒரு பிழையைச் சொல்லி நிற்கும். ஜிப் மீது ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து, வெளியே வந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுங்கள். எங்கே பிரிப்பது என்று கேட்டால், சி டிரைவில் நேரடியாக "செட்டப்" என்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்வது நல்லது. டெஸ்க்டாப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பிரித்தால் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டிவிடலாம். பல பழைய செட்டப்கள் அந்த நீளத்தைத் தாங்காது.

ஃபைல் முழுசாக இறங்காவிட்டால் பல செட்டப்கள் தாமே சொல்லிவிடும். "இன்ஸ்டாலர் இன்டெக்ரிட்டி செக் ஹேஸ் ஃபெயில்ட்" என்றோ "செட்டப் ஃபைல்ஸ் ஆர் கரப்டட்" என்றோ வந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம். மறுபடி டவுன்லோட் செய்யுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பெரிய ஃபைல் இறக்கும்போது இது சகஜம். அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், தயாரிப்பாளரின் பக்கத்தில் ஷா 256 என்று ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசை கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் கறுப்பு ஜன்னல்) செர்ட்யூட்டில் என்ற கட்டளை, இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டிய ஹேஷ்ஃபைல், இடைவெளி, ஃபைலின் பாதை, இடைவெளி, ஷா256 என்று கொடுத்தால் உங்கள் ஃபைலின் வரிசை வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைலில் குற்றமில்லை.

"திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி" என்று வந்தால் பெரும்பாலும் பிட் பொருத்தம் இல்லை. 32 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடும். 64 பிட் நிரல் 32 பிட் விண்டோஸில் ஓடாது. உங்களுடையது எது என்று செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரி சொல்லும். விண்டோஸ் 11 என்றால் 64 பிட் மட்டும்தான். பழைய சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. 1990-களில் வந்த சில நிரல்கள் 32 பிட் என்றாலும் அவற்றின் செட்டப் மட்டும் 16 பிட். 64 பிட் விண்டோஸில் 16 பிட் எதுவும் ஓடாது. சிடி நன்றாக இருக்கிறது, பழைய கம்ப்யூட்டரில் ஏறுகிறது, புதியதில் ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். வெர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு மென்பொருள் கம்ப்யூட்டரில், பழைய விண்டோஸை ஓட்டி அதில் ஏற்றுவதுதான் இதற்கு நேர்மையான வழி.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் புதிய செட்டப்பை இறக்கிவிட்டு ஏன் ஏறவில்லை என்று திணறுவார்கள். குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110 அங்கே ஏறாது. விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே இனி அதிலும் மெல்ல மெல்ல இந்த நிலை வரும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வின்வெர் என்று தட்டினால் உங்கள் பதிப்பு தெரியும். சாஃப்ட்வேர் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்போடு ஒப்பிடுங்கள்.

விலை குறைந்த லேப்டாப்புகள் சில எஸ் மோட் என்ற நிலையில் வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே ஏறும், வெளியிலிருந்து கொண்டுவந்த எந்த செட்டப்பும் ஓடாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் இதிலிருந்து வெளியேற வழி இருக்கிறது. காசு கிடையாது. ஆனால் வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது.

நீலப் பெட்டியில் "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்று வந்தால் அது பிழையே அல்ல. இணையத்திலிருந்து வந்த, அதிகம் பேர் பயன்படுத்தாத ஃபைல் என்று ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்று உறுதியாகத் தெரிந்தால் மோர் இன்ஃபோ தட்டி, ரன் எனிவே கொடுங்கள். அப்படி உறுதியாகத் தெரிந்த ஃபைலுக்கு இன்னொரு வழியும் உண்டு: அதன் பிராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தின் அடியில் அன்பிளாக் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் போடுங்கள். விண்டோஸ் 11-இல் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் ஆன் ஆகியிருந்தால் ரன் எனிவே பொத்தானே வராது. முறையாகக் கையொப்பமிட்ட பதிப்பு இருக்கிறதா என்று தேடுவதே அங்கே நல்லது.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள்: கம்ப்யூட்டரின் தேதி. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன பழைய கம்ப்யூட்டர், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பல ஆண்டு பின்னால் போய்விடும். டிஜிட்டல் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2015 என்று நம்பும் கம்ப்யூட்டருக்கு 2024-இல் வழங்கிய சான்றிதழ் இன்னும் செல்லத் தொடங்கவே இல்லை. உடனே இணைய வழி செட்டப் எல்லாம் "சர்வரோடு இணைய முடியவில்லை" என்று நிற்கும். நெட் நன்றாக ஓடுகிறதே என்று மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம். டாஸ்க்பார் மூலையில் கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள். தவறென்றால் திருத்துங்கள், பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

யூசர் பெயர் தமிழில் இருந்தால்

தமிழ் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது இது. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று ஆசையாகத் தமிழிலேயே பெயர் கொடுத்து லோக்கல் அக்கவுன்ட் தொடங்கியிருந்தால், சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் ஃபோல்டரும் தமிழ்ப் பெயரோடுதான் இருக்கும். டெம்ப் ஃபோல்டர் அதற்குள்ளே வருகிறது. விண்டோஸுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் யூனிகோடை மதிக்காமல் எழுதப்பட்ட செட்டப்களுக்கு அந்தப் பாதை கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். "ஃபைலைக் காணோம்", "ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். செய்தியில் பாதை காட்டும் இடத்தில் கேள்விக்குறிகளோ கட்டங்களோ தெரிந்தால் காரணம் இதுவேதான்.

அக்கவுன்ட் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பெயர் மாறும், ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருக்கும். டெம்ப் ஃபோல்டரை வேறு இடத்துக்குக் காட்டிவிடுவதுதான் எளிது. சி டிரைவில் ஆங்கிலத்தில் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்று தேடி, "எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுன்ட்" என்பதைத் திறங்கள். மேல் பட்டியலில் டெம்ப், டிஎம்பி என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டுக்கும் புதிய ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். செட்டப் ஃபைலையும் தமிழ்ப் பெயர் ஃபோல்டரில் வைக்காமல் முன்பு சொன்ன "செட்டப்" ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். அந்த ஃபோல்டரின் பெயரையும் ஆங்கிலத்திலேயே வையுங்கள். இதற்கும் அசையாத சாஃப்ட்வேர் என்றால், ஆங்கிலப் பெயரில் புதிதாக ஓர் அட்மின் அக்கவுன்ட் தொடங்கி அதிலிருந்து ஏற்ற வேண்டியதுதான்.

துணை நிரல் இல்லை என்று சொன்னால்

"விசிரன்டைம் 140 டிஎல்எல் வாஸ் நாட் ஃபவுண்ட்", "எம்எஸ்விசிபி 140 டிஎல்எல் இஸ் மிஸ்ஸிங்" போன்றவை வந்தால், அந்த டிஎல்எல் பெயரை இணையத்தில் தேடி ஒற்றை ஃபைலாக இறக்காதீர்கள். அப்படி அள்ளிக் கொடுக்கும் தளங்களில் என்ன கலந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த இரண்டும் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பில் வருபவை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். 2015 முதல் வந்தவை ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. 2010, 2012, 2013 தனித்தனி. 64 பிட் விண்டோஸ் என்றாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் 32 பிட் சாஃப்ட்வேர் எக்ஸ்86 பதிப்பைத்தான் தேடும். அப்படிப் போடும்போது 1638 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

சாஃப்ட்வேர் பட்டியலில் இதே பெயர் ஏழெட்டு வரிகளில் இருக்கிறதே, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீக்காதீர்கள். ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது.

பழைய அக்கவுன்ட்ஸ், பில்லிங் சாஃப்ட்வேர்கள் டாட்நெட் 3.5 கேட்கும். புதிய பதிப்பு இருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. பெரும்பாலான விண்டோஸ் பதிப்புகளில் கன்ட்ரோல் பேனலில் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" திறந்து, டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5-இல் டிக் போட்டால் விண்டோஸ் அப்டேட் வழியாக இறங்கிவிடும். 081எஃப் என்று முடியும் குறியீடு வந்தால், விண்டோஸால் அதன் மூல ஃபைல்களை எடுக்க முடியவில்லை என்று பொருள். நெட்டையும் விண்டோஸ் அப்டேட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நடுவில் நின்று எண்ணைக் காட்டினால்

எம்எஸ்ஐ வகை செட்டப்கள் (ஃபைல் பெயர் டாட் எம்எஸ்ஐ என்று முடிபவை) விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற, பின்னணியில் ஓடும் சர்வீஸ் மூலம் ஏறுகின்றன. அதன் எண்கள் எந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேர் ஆனாலும் ஒரே பொருள் தருபவை. அடிக்கடி வருபவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஏதாவது அப்டேட் நடக்கலாம். பத்து நிமிடம் பொறுங்கள், இல்லையென்றால் ரீஸ்டார்ட். 1601, 1719 இரண்டும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை அணுக முடியவில்லை என்பவை. சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை) இருந்தால் இது வரத்தான் செய்யும், அங்கே அந்த சர்வீஸ் வழக்கமாக ஓடாது. சாதாரண மோடிலும் வந்தால் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து விண்டோஸ் இன்ஸ்டாலர் டிசேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். மேனுவல் என்று இருக்க வேண்டும். 1632 டெம்ப் ஃபோல்டர் நிறைந்துவிட்டது அல்லது அணுக முடியவில்லை. 1633 இந்த வகைக் கம்ப்யூட்டருக்கான தொகுப்பு இல்லை. 1625 நிர்வாகக் கொள்கை தடுக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் இது வந்தால் ஐடி ஆட்களிடம் கேளுங்கள், சுற்றுவழி தேடாதீர்கள். 3010, 1641 பிழைகளே அல்ல: வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் தேவை என்கின்றன.

2502, 2503 வந்தால் அனுமதிச் சிக்கல். எம்எஸ்ஐ ஃபைலில் ரைட் கிளிக் செய்தால் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வராது. அதனால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, எம்எஸ்ஐஎக்ஸெக், இடைவெளி, முன்சாய்கோடும் (/) ஐ-யும், இடைவெளி, மேற்கோள் குறிக்குள் ஃபைலின் முழுப் பாதை என்று கொடுத்து ஓட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மருந்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சில சாஃப்ட்வேர்கள் ஒரு யூசருக்கு மட்டும், அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் ஏறும்படி செய்யப்பட்டவை. வீட்டில் பிள்ளைகளின் அக்கவுன்ட்டில் இருந்துகொண்டு அப்பாவின் பாஸ்வேர்டைப் போட்டு ஓட்டினால் அது அப்பாவின் அக்கவுன்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். "இன்ஸ்டால் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா காணோம்" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1603: லாக் ஃபைலைத் திறந்து பார்ப்பது

எல்லோரையும் படுத்தும் எண் இதுதான். "ஃபேட்டல் எரர் டியூரிங் இன்ஸ்டாலேஷன்" என்பதைத் தவிர எதுவும் சொல்லாது. இணையத்தில் 1603-க்கு என்று இருபது தீர்வுகள் கிடைக்கும், அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது இருட்டில் கல் எறிவதுதான். காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல என்பதுபோல 1603-உம் காரணத்தின் பெயர் அல்ல. உள்ளே வேறொன்று நடந்து, அதன் கடைசியில் விழும் எண் இது. அந்த வேறொன்று லாக் ஃபைலில் எழுதப்பட்டிருக்கும்.

எம்எஸ்ஐ ஃபைல் என்றால், மேலே சொன்ன அதே கட்டளையின் இறுதியில் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு, எல், நட்சத்திரக் குறி, வி நான்கையும் ஒட்டி எழுதுங்கள். மறுபடி இடைவெளி விட்டு, லாக் எங்கே போக வேண்டும் என்ற பாதையை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். அந்த "செட்டப்" ஃபோல்டரையே காட்டி, லாக் டாட் டிஎக்ஸ்டி என்று பெயர் வைக்கலாம். வழக்கம்போல இன்ஸ்டாலை ஓட்டி, பிழை வரும்வரை போங்கள். எக்ஸ்இ வகை செட்டப் என்றால் பல நேரங்களில் அதுவே லாக் எழுதிவைத்திருக்கும். விண்டோஸ், ஆர் அழுத்தி, டெம்ப் என்ற சொல்லின் இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டினால் டெம்ப் ஃபோல்டர் திறக்கும். தேதி வாரியாக அடுக்கினால் சற்று முன் உருவான லாக் மேலே தெரியும்.

நோட்பேடில் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். மிரள வேண்டாம், எல்லாவற்றையும் படிக்கப்போவதில்லை. கன்ட்ரோல், எஃப் அழுத்தி "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடுங்கள். 1 என்றால் அந்த வேலை நல்லபடியாக முடிந்தது, 2 என்றால் யூசர் நிறுத்தினார், 3 என்றால் தோல்வி. மேலிருந்து தேடும்போது முதலில் கிடைக்கும் 3-தான் நமக்கு வேண்டியது. அதற்குப் பிறகு வருபவை அதன் பின்விளைவுகள். அந்த வரியில் நின்றுகொண்டு அதற்கு மேலே பத்து இருபது வரிகளைப் படியுங்கள். உண்மையான பிழை அங்கே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, அந்த முதல் 3-க்குச் சற்று மேலே "எரர் 1303" என்றும், அதை ஒட்டி ஒரு ஃபோல்டர் பாதையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபோல்டரில் எழுத இன்ஸ்டாலருக்கு அனுமதி இல்லை என்பது அதன் பொருள். இப்போது வேலை தெளிவு. ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. பட்டியலில் சிஸ்டம் என்ற பெயரும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற பெயரும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஃபுல் கன்ட்ரோல் வேண்டும். சிஸ்டம் விடுபட்டிருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் அட்மினாகவே இருந்தாலும், ஃபைல்களை எழுதும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சிஸ்டம் என்ற அக்கவுன்ட்டில்தான் ஓடுகிறது.

லாகில் கிடைக்கக்கூடிய மற்ற எண்கள்: 1335 செட்டப்புக்குள் சுருட்டி வைத்த கேப் ஃபைல் கெட்டிருக்கிறது, மறுபடி டவுன்லோட். 1310 ஒரு ஃபைலில் எழுத முடியவில்லை. அந்தச் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு பின்னால் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். 1406 ரெஜிஸ்ட்ரியில் எழுத முடியவில்லை, அங்கேயும் அனுமதி அல்லது ஆன்டிவைரஸ். 1920 ஒரு சர்வீஸ் தொடங்க மறுத்தது. 1722 செட்டப் நடுவில் ஓட்டிய குட்டி நிரல் ஒன்று சரியாக முடியவில்லை. இது வந்தால் பெரும்பாலும் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

1327 கொஞ்சம் சுவாரசியமானது. டிரைவ் தவறு என்கிறது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை எப்போதோ ஒரு இரண்டாவது ஹார்ட் டிஸ்குக்கு நகர்த்தியிருப்பார்கள். அப்புறம் அந்த டிஸ்கைக் கழற்றியிருப்பார்கள். விண்டோஸ் இன்னமும் இல்லாத இ டிரைவில் டாக்குமென்ட்ஸ் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதைச் சொந்த இடத்துக்குத் திருப்பிக் காட்டினால் பிரச்சினை தீர்ந்தது. இதை 1603 என்று தேடி ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

லாக் எதுவுமே இல்லாமல் செட்டப் ஜன்னல் சத்தமின்றி மறைந்துவிட்டால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியைப் பாருங்கள். அந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். அதன் சோர்ஸ் பகுதியில் எம்எஸ்ஐஇன்ஸ்டாலர் என்றோ அப்ளிகேஷன் எரர் என்றோ எழுதியிருக்கும்.

பழைய பதிப்பின் மிச்சம்

பாதியில் நீக்கிய, அல்லது ஃபோல்டரை மட்டும் டெலிட் செய்து "நீக்கிய" சாஃப்ட்வேர் புதிய பதிப்பை உள்ளே விடாது. ரெஜிஸ்ட்ரியில் அது இருப்பதாகவே பதிவு இருக்கும். பட்டியலில் தெரிந்தால் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் "புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்" என்று ஒரு சிறு கருவி இலவசமாகக் கிடைக்கிறது. உடைந்த பதிவுகளைத் துடைத்துவிடும். ஆன்டிவைரஸ், பிரிண்டர் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்களுக்கென்றே நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. அவை இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். அப்புறம் புரோகிராம் ஃபைல்ஸ், மறைந்திருக்கும் புரோகிராம் டேட்டா, ஆப்டேட்டா மூன்றிலும் அதன் பெயரில் எஞ்சியுள்ள ஃபோல்டர்களை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே உங்கள் கணக்கு, டேட்டா எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

1612 அல்லது 1706 வந்தால் கதை வேறு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. ஏற்றிய ஒவ்வொரு எம்எஸ்ஐயின் நகலும் அங்கே இருக்கும். பிற்பாடு அப்டேட் செய்யவோ நீக்கவோ அந்த நகல் தேவை. சில ஜிபி இடம் பிடிக்கிறதே என்று அதைக் காலி செய்யச் சொல்லும் யோசனைகளும் கிளீனர்களும் நிறைய. காலி செய்த அன்று எதுவும் ஆகாது. மாதங்கள் கழித்து ஓர் அப்டேட் வரும்போதுதான் பழைய எம்எஸ்ஐயைக் கேட்டு நிற்கும். பழைய பதிப்பின் செட்டப்பைத் தேடிப்பிடித்துக் காட்டினால் நகரும், இல்லையென்றால் மேலே சொன்ன கருவி.

ஆன்டிவைரஸும் மற்றவையும்

ஆன்டிவைரஸை அணைப்பது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் அதன் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, செட்டப்பின் ஏதாவது ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆன் ஆகியிருந்தால் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப்பில் எழுத முயலும் செட்டப் தடுக்கப்படும். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்று டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வரும் கிராக் பதிப்பு என்றால் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள். அதற்கு இந்த வழிகாட்டியில் தீர்வு கிடையாது.

எந்த நிரல் இடையில் புகுந்து கெடுக்கிறது என்று தெரியாவிட்டால் கிளீன் பூட், அதாவது மற்ற நிறுவனங்களின் சர்வீஸ்கள் இல்லாமல் விண்டோஸைத் திறப்பது. எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸில் டிக் போட்ட பிறகு டிசேபிள் ஆல் கொடுங்கள். வரிசை மாறினால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்து இன்ஸ்டால் முடித்ததும் நார்மல் ஸ்டார்ட்அப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

விண்டோஸிலேயே பழுது என்று சந்தேகித்தால்

ஒரு சாஃப்ட்வேர் மட்டும் ஏறவில்லை என்றால் இந்தப் பகுதிக்கு வர வேண்டாம். எதுவுமே ஏறவில்லை, விண்டோஸ் அப்டேட்டும் நிற்கிறது என்றால் வாருங்கள். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் முதலில் டிஐஎஸ்எம், பிறகு இடைவெளி விட்டு விட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் முன்சாய்கோடு போட்டு ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்று கொடுங்கள். சில இடங்களில் சதவீதம் வெகுநேரம் அசையாது. மூடிவிடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, முன்சாய்கோடோடு ஸ்கேன்நவ். வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட ஃபைலை மாற்ற எஸ்எஃப்சி எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வது டிஐஎஸ்எம்.

இதற்கும் சரியாகவில்லை என்றாலும் ஃபார்மட்டுக்கு முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் "ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்று ஒன்று உண்டு. உங்கள் ஃபைல், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே இருக்க, விண்டோஸை மட்டும் மறுபடி ஏற்றும். விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ (விண்டோஸ் செட்டப் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, டபுள் கிளிக் செய்து, உள்ளிருக்கும் செட்டப்பை விண்டோஸுக்குள் இருந்தபடியே ஓட்டினால் இதே பலன். அதில் "கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" தேர்வாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது தேர்வு செய்ய முடியாமல் மங்கலாகத் தெரிந்தால் ஐஎஸ்ஓவின் மொழியோ எடிஷனோ உங்களுடையதோடு பொருந்தவில்லை. அந்த இடத்திலேயே கேன்சல் கொடுத்து, சரியான ஐஎஸ்ஓவை இறக்கிக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் பேக்அப்பை நீங்களே எடுத்து, லாக் ஃபைலையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.